சித்தூரும் திருப்பதியும் பேசிக்கொண்டபோது

எங்கள் குடும்பத்தில் செல்போன் விவரம் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன் நான். யாருடைய போன் மக்கர் செய்தாலும் வாங்கி ஒருமுறை அணைத்துப் போடுவேன். என் மொத்த விஞ்ஞானமும் அவ்வளவுதான். (வீட்டில் யாருக்கும் தெரியாது. நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.)

கமலா அத்தை சித்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். காதில் ஹெட்போன், எதிரே துளைத் துளையாகப் பலகை. அவர் ஒயரைச் செருகினால்தான் ஓர் ஊர் இன்னோர் ஊரோடு பேசும். மாங்காய் சீசனில் மண்டிக்காரர்கள் வெளியூருக்கு டிரங்க் கால் கேட்டு உயிரை எடுப்பார்களாம். திருப்பதி எக்ஸ்சேஞ்சில் ராஜேஸ்வரி அம்மா. இருவரும் தினமும் லைனில் பேசியவர்கள், ஒருவரையொருவர் ஊர்ப்பெயரால்தான் கூப்பிடுவார்கள். நேரில் பார்த்ததே இல்லை. இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அந்தக் கதைகளைக் குரலோடு பதிவு செய்துவிட வேண்டும் என்று நான் கிளம்பினேன்.

அத்தையை பஸ்ஸில் திருப்பதிக்கு அழைத்துப்போய் ராஜேஸ்வரி அம்மா வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தேன். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

“நல்லா கீறீங்களா?”

“கீறேன். நீங்க?”

காலமெல்லாம் ‘வா, போ’ என்று பேசியவர்கள் ‘நீங்க’ போட்டுக்கொண்டு காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அத்தை என் காதருகே வந்து, “மூஞ்சியப் பார்த்தா பேச்சே வரமாட்டேங்குதுடா. லைன்ல குடு” என்றார்.

என் மூளை அன்று அபாரமாக வேலை செய்தது. அத்தையை உள்ளறையில் உட்காரவைத்தேன். என் போனில் பதிவை ஓடவிட்டு, அதையே அவர் கையில் கொடுத்தேன். முன்னுரை வேண்டாமா? நினைவுகளைக் காப்பதன் அவசியம் பற்றி நின்றபடியே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, கூடத்திலிருந்த ராஜேஸ்வரி அம்மாவை என் நம்பருக்குப் போடச் சொன்னேன். ஆபரேட்டர் பேசுவதை யாரும் நின்று கேட்கக்கூடாது என்பது அவர்கள் காலத்துச் சட்டமாம். என்னை மாடிப்படிக்குத் துரத்திவிட்டார்.

“செப்பு சித்தூரு!” என்று கூடத்தில் தெலுங்கில் ஒரு குரல் எழும்பியது. மடை திறந்துவிட்டது! சிரிப்பான சிரிப்பு. நடுவில் யாரோ அழுவதும் கேட்டது. நான் படியில் உட்கார்ந்து, பாராட்டு விழாவில் எனக்கு என்ன மாலை போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பேசி முடித்ததும் போனை வாங்கிப் பார்த்தேன்; கால் வந்த நொடியே பதிவு நின்றுபோயிருந்தது. போன் வந்தால் அது தானாக நின்றுவிடுமாம். உலகத்துக்கே தெரிந்த விஷயம், விவரம் தெரிந்தவனுக்குத் தெரியவில்லை.

“இன்னொரு வாட்டி அதையே பேசுங்க அத்தை” என்று கெஞ்சினேன்.

“அதெப்படி வரும்? கால் முடிஞ்சிப்போச்சே” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேறொரு நாள் பேசிக்கிறோம், உடு” என்று தேற்றினார்.

அந்த வேறொரு நாள் வரவில்லை. அடுத்த மாங்காய் சீசனுக்கு முன்பே அத்தை போய்விட்டார். அன்று என்ன பேசினீர்கள் என்று ராஜேஸ்வரி அம்மாவிடம் கேட்டேன். “அவ கேட்டாதான் எனக்கு ஞாபகம் வரும்பா” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

பதிவில் மிஞ்சியது என் சொற்பொழிவு மட்டும். அது ஓய்ந்ததும் அத்தை கேட்கிறார்: “முடிச்சிட்டியா நைனா? நாங்க பேசலாமா?”

இப்போதெல்லாம் வீட்டில் நான் எதையாவது நீட்டி முழக்கினால் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். என் மகள் அத்தை மாதிரியே சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அத்தையின் குரலில் என்னிடம் இருப்பது அந்த இரண்டு கேள்விகள் மட்டுமே.