டோரீன் கடை ரொட்டி

மூன்று வயது மகளுக்கு மறுபடியும் கோதுமை ரொட்டி கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதும் ஓரெஸ்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

கனடாவின் சாஸ்கச்சவானில் மூன்று தலைமுறையாகக் கோதுமை விளைவிக்கும் குடும்பம் அவனுடையது. அந்த வீட்டுப் பிள்ளை ஹாலிக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. வயிறு பானையாக உப்பியது, கைகால் குச்சியானது. கோதுமை குடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோயோ என்று யாரோ சொல்ல, அவன் தானாகவே ஒரு மாதமாகக் கோதுமையை நிறுத்திவிட்டான். வீட்டிலிருந்த மாவைக்கூடத் தூக்கிப் போட்டாயிற்று. பிள்ளை தேறியது. அதைப் பெருமையாகச் சொல்லத்தான் வந்திருந்தான்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றார் டாக்டர் பெல்லமி. "கோதுமை சாப்பிட்டுக்கிட்டே இருந்தாத்தான் ரத்தத்துல நோய் தெரியும். தினம் ரெண்டு துண்டு ரொட்டி, ரெண்டு மாசம். அப்புறம் வாங்க."

வீட்டில் மனைவி நாடியா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். ஆகாது என்று தெரிந்தும் பெற்ற பிள்ளைக்கு ஊட்டுவதா? ஆனாலும் வேறு வழியில்லை.

பிள்ளைக்குக் கோதுமை ஆகவில்லை என்பது, பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் கிளப் வழியாக ஊருக்கே தெரிந்திருந்தது. அந்த ஊரில் யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள். காலையில் எழுந்தால் வாசலில் கொட்டிய பனியை யாரோ தள்ளிவிட்டிருப்பார்கள், தள்ளியது யாரென்று தெரியாது. ஓரெஸ்டும் டோரீனின் பேக்கரியில் ரொட்டியை வாங்கினானே தவிர, பரிசோதனையைப் பற்றி மூச்சு விடவில்லை. கோதுமைக்காரனுக்கு அது வெட்கமாக இருந்தது. டோரீனும் கேட்கவில்லை.

முதல் வாரம் இருவரும் பிள்ளையை விட்டு நகராமல் பார்த்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு துண்டு போதவில்லையோ என்று பயந்து ஓரெஸ்ட் நான்காக்கினான். ஹாலி இன்னும் கேட்டாள். சதை பிடித்து, பழைய கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை.

"ரொட்டி ரொம்ப உதிருதே?" என்று ஒருநாள் கேட்டான்.

"அடுப்பு மக்கர் பண்ணுதுப்பா" என்று டோரீன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். நோயின் சுவடே இல்லை. டாக்டரே அதிர்ந்துபோய்த் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு, இது சீலியாக் இல்லை, தாராளமாக எல்லாம் கொடுக்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

ஓரெஸ்ட் நேரே பேக்கரிக்கு ஓடினான். ஹாலி பேர் எழுதிப் பெரிய கோதுமை கேக் ஒன்று வேண்டும் என்றான். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினான். "ரெண்டு மாசமா உங்க ரொட்டிதான் டோரீன், வேளை தவறாம. ரத்தம் சுத்தமா இருக்கு. அவளுக்குக் கோதுமை ஒண்ணும் செய்யல!"

டோரீன் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எந்தக் கோதுமைப்பா? புள்ளைக்கு ஆகாதுன்னு கேள்விப்பட்ட நாள்லேர்ந்து, உன் பையில நான் போட்டதெல்லாம் அரிசிமாவு ரொட்டி."