ஐந்தாவது ஐகன்

முதலாளி, நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

போன மாதம் கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், தொழில் தொடங்க ஆசைப்படும் இளைஞர்கள் முன்னால் டை கட்டிக்கொண்டு நின்றீர்கள். "திரையில் ஒரேயொரு ஐகன் போதும் என்பது என் கொள்கை. கண்டபடி ஐகன் போட்ட ஒருவரை நான் வேலையை விட்டே அனுப்பினேன்" என்று பேசினீர்கள். கைதட்டினார்கள். அந்த வீடியோ என் போனுக்கும் வந்தது. அந்த 'ஒருவர்' யார் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரியாது. நான் சொல்கிறேன்.

அவரை நாங்கள் ஐகன் அண்ணை என்போம். அடுத்தவர் கணினித் திரையைப் பார்த்து அவரளவுக்கு நெஞ்சு நொந்த மனிதர் இந்தக் கொழும்பில் இன்னொருவர் பிறக்கவில்லை. தெருவில் ஆள் அடிபட்டுக் கிடந்தால்கூட, முதலில் அம்புலன்ஸ்காரரின் டெஸ்க்டொப்பைத்தான் எட்டிப் பார்ப்பார்.

வெள்ளவத்தையில், ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கடைகளுக்கு பில் போடும் சொப்ட்வெயார் செய்து விற்றோம். நான் போன் எடுப்பவள். அதாவது, கடைக்காரர்களிடம் ஏச்சு வாங்குபவள். ஐகன் அண்ணையின் வேலை இன்ஸ்டோலர் கட்டுவது. மற்றவர்கள் எழுதிய புரோகிராமை ஒரு பொதியாக்கி, கடைக் கணினியில் ஏற்றும்போது எது எங்கே போய் இருக்க வேண்டும், எந்த ஷோர்ட்கட், அதாவது அழுத்தித் திறக்கும் ஐகன், எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்று அமைத்துக் கொடுப்பது. மற்ற எல்லோரும் அதை அரை மணித்தியால வேலை என்பார்கள். இவர் ஒரு கிழமை எடுப்பார். சின்ன அளவில் பார்த்தால் ஐகனின் ஓரம் பிசிறடிக்கிறது என்று, வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய பொதியை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்தவர். பிடிவாதக்காரர். தன் வேலையில் வேறு ஒருவரைத் தொடவிடமாட்டார். கன்டீனில் அவரோடு ஒரு மேசையில் இருக்க ஆட்கள் பயந்தார்கள், லப்டொப் திறந்திருந்தால் கை நீளும் என்று.

கை நீளத்தான் செய்தது. ஒருமுறை வயிற்றுவலி என்று டிஸ்பென்சரிக்குப் போனவர், டொக்டரம்மா என்ன வருத்தம் என்று கேட்டதும், "எனக்குக் கிடக்கட்டும் டொக்டர். உங்கட திரையிலை ஒரே புரோகிராமுக்கு மூண்டு ஐகன் நிக்குது. அதிலை ரெண்டு செத்துப்போச்சு" என்றிருக்கிறார். டொக்டரம்மா வயிற்றுக்கு மருந்து எழுதியதோடு, நல்ல நித்திரை கொள்ளச் சொல்லியும் அனுப்பினார்.

அவருக்குக் காய்ச்சல் வந்த கிழமையில் வேறு ஒருவர் இன்ஸ்டோலரைக் கட்டினார். ஐகனை அழுத்தினால் புரோகிராம் திறந்தது, ஆனால் பில்லின் தலையில் கடையின் பெயர் வரவில்லை. புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருந்துகொண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஷோர்ட்கட்டில் குறிக்காமல் விட்டதால், அது தன் செட்டிங் ஃபைலைக் காணாமல் முழித்திருக்கிறது. அன்று முழுக்க எனக்கு ஏச்சு. கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு அண்ணை வந்து நின்றார். "ஆளை வேலைக்குக் கூப்பிட்டுப்போட்டு, எந்த அறையிலை இருக்கிறதெண்டு சொல்லாமல் விட்டா, அவன் நடு றோட்டிலைதான் நிப்பான்" என்று திட்டித் தீர்த்தார். என்னைப் பார்த்து, "தங்கச்சி, இதுக்கு ஏச்சு வாங்கினது நீர். அவரையும் கொஞ்சம் வாங்கச் சொல்லும்" என்று போனை அந்த ஆளின் கையில் திணித்தார். அந்த அலுவலகத்தில் எனக்காக யாராவது செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

திரையில் ஒரு ஐகன்தான் நிற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். புதுப் பதிப்பை ஏற்றினால் பழையதன் ஐகன் தானாகவே போய்விட வேண்டும். புரோகிராமை அழிக்கும் ஷோர்ட்கட் டெஸ்க்டொப்பில் வரவே கூடாது. கேட்டீர்களா முதலாளி? ஒன்று என்று சொன்னது அவர். உங்கள் கணக்கு ஐந்து.

கொட்டாஞ்சேனையில் உங்களுக்கு ஓர் எண்சாத்திரக்காரர் இருந்தார். அவர் சொல்லித்தான் நிறுவனத்தின் பெயருக்கு வாலும் தும்புமாக ஆங்கில எழுத்துகளைக் கூட்டினீர்கள். லோகோவின் நிறத்தை எங்கேயும் மாற்றக்கூடாது என்றார், மாற்றவில்லை. பிறகு, வாடிக்கையாளரின் திரையில் உங்கள் சின்னம் ஐந்து தரம் விழ வேண்டும் என்றார். அடுத்த நாளே வந்து அண்ணையின் மேசையடியில் நின்றீர்கள்.

புரோகிராம், கணக்கைப் பிரதியெடுக்கும் பக்கப், உதவிக் குறிப்பு, எங்கள் இணையத்தளம். கஷ்டப்பட்டு நான்கு சேர்ந்தது. ஐந்தாவதுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் குனிந்து, திரையில் விரலை வைத்து, "இது ஒண்டு கிடக்கே, இதைப் போடும்" என்றீர்கள். உங்கள் விரல் நின்ற இடம் அழிக்கும் ஷோர்ட்கட்.

"ஐயா, அது வீட்டை இடிக்கிற மெஷின். வாசல்லை நிப்பாட்டுற சாமானில்லை."

"உம்மட்டை நான் விளக்கம் கேக்கேல்லை. போட்டுட்டுப் போம்."

நான் பக்கத்து மேசையில் இருந்தேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

அண்ணை போட்டார். ஆபத்து என்று காட்ட அந்த ஐகனுக்கு மேல் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். லோகோ கெடுகிறது என்று எடுக்க வைத்தீர்கள். பெயர் நீண்டதால் ஐந்து ஐகனுக்குக் கீழேயும் நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் தெரிந்தது, மிச்சம் வெட்டுப்பட்டுப் போனது. ஐந்தும் ஒரே படம், ஒரே பெயர். காசாளர்கள் படத்தையும் பார்க்கவில்லை, பெயரையும் பார்க்கவில்லை. மேலே இருப்பதை அழுத்தினால் பில் வரும் என்று இடத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். அண்ணையால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அழித்தாலும் கடையின் கணக்குகளைத் தொடாதபடி கட்டிவைத்தார்.

நடக்க வேண்டியது புறக்கோட்டையில் நடந்தது. ஒரு பலசரக்கு மொத்தக் கடை. பெருநாள் வியாபாரம். வெளியூர் லொறிகள் வாசலில். கரண்ட் போய் வந்ததில் திரையின் அளவு மாறி, ஐகன்கள் இடம் மாறிவிட்டன. காசாளர் வழக்கம்போல் மேலே இருந்ததை அழுத்தினார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. ஆங்கிலத்தில் எது கேட்டாலும் 'யெஸ்' கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கொடுத்தார். புரோகிராம் போய்விட்டது.

அன்று பின்னேரமே கடைக்கார ஹாஜியார் மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை.

"யாருட வேல இது?"

முதலாளி, நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. "இந்த ஐகன் வேலையெல்லாம் இவர்தான் ஹாஜியார்" என்று கையைக் காட்டினீர்கள்.

அண்ணை எழும்பினார். "ஓம், நான்தான் போட்டனான். உங்கட கணக்கு ஒண்டும் அழியேல்லை, இப்பவே வந்து ஏத்தித் தாறன்" என்றார். சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தார். மிச்சத்தை நீங்கள் சொல்வீர்கள் என்று நின்றார். நீங்கள் சொன்னது, "நாளையிலயிருந்து இவர் இங்கை இல்லை" என்பது. நானும் வாயைத் திறந்தேன், "பிள்ளை, நீர் போனைப் பாரும்" என்றீர்கள்.

வேலை போன பிறகும் அவர் ஹாஜியாரோடு பஸ்ஸில் போய், புரோகிராமை ஏற்றி, ஒரேயொரு ஐகனை மட்டும் வைத்துவிட்டு வந்தார். அந்த ஒற்றை ஐகன் கடைக்காரர்களுக்குப் பிடித்துப்போய் மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். அதைத்தான் இப்போது உங்கள் கொள்கை என்று விற்கிறீர்கள்.

அவர் இன்று கிருலப்பனையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறார். சொப்ட்வெயார் வேலை கேட்டு எங்கே போனாலும், "புறக்கோட்டைக் கடையை அழிச்ச ஆள் நீங்கள்தானே?" என்று கேட்கிறார்களாம். இவரும் ஓம் என்று சொல்லிவிட்டு வருகிறாராம். போய்ச் சண்டை பிடித்தேன். போடச் சொன்னது யார் என்று ஏன் சொல்வதில்லை என்று கேட்டேன்.

"போட்டது என்ரை கைதானே தங்கச்சி. மற்றதை நான் சொன்னா, சாட்டுச் சொல்லித் தப்பிற மாதிரிக் கிடக்கும். அவர்தான் சொல்ல வேணும்."

உங்கள் வீடியோவையும் அவருக்குக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். பிறகு என் போனை வாங்கி, நான் பாவிக்காத ஆப்புகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். நான் தடுக்கவில்லை.

முதலாளி, மன்னிப்பு வேண்டாம், அதை அவர் கேட்கவில்லை. இந்தப் பத்திரிகையிலேயே, உங்கள் பெயரைப் போட்டு, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஐந்தாவது ஐகனைப் போடச் சொன்னது யார்? அச்சில் வரட்டும். அடுத்த முறை அண்ணை வேலை கேட்டுப் போகும்போது நானும் கூடப் போவேன், அந்தத் தாளை மேசையில் நான் வைப்பேன்.