குறை சொல்லி விற்ற கார்

காரைப் பார்க்க வந்த தொப்பிக்காரர், கதவைத் திறப்பதற்கு முன்பே அதன் சிவப்பு பானெட்டைத் தடவிக் கொடுத்தார். காருக்குச் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். ஊரார் பல்லையெல்லாம் கூசாமல் பிடுங்குகிற மனுஷன்தான். ஆனால் இந்த இரண்டு சீட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை அவரிடமிருந்து பிடுங்குவதென்றால் மட்டும் உயிரே போனது.

விற்கச் சொன்னது மனைவி. ஏழு மாத வயிற்றோடு கார் ஷெட்டுக்கே வந்து, "பொறக்கப்போற புள்ளைய எங்க உக்கார வைப்பீங்க? டிக்கியிலயா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. டிக்கியில் ஸ்டெப்னிக்கே இடம் போதாது. விற்றுவிடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் வாங்க ஆள் வராவிட்டால் அவர் என்ன செய்ய முடியும்? ஆகவே டாக்டர் அன்றைக்கு அரிச்சந்திரன் ஆனார்.

"சொல்லிடறேன் சார். மழை பெஞ்சா உள்ள ஒழுகும்."

"ஒழுகணும் சார். ஒழுகலன்னாதான் சந்தேகப்படணும்."

"ஏசி கெடையாது."

"மேல்துணிய மடக்கிட்டா காத்துக்கா பஞ்சம்?"

"ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்காது. ஒரே ஒரு போல்ட்டுக்காக மாசக்கணக்கா காத்திருந்தேன்."

தொப்பிக்காரர் கண்களை மூடிக்கொண்டார். "அந்தப் போல்ட்டு வந்து சேர்ற நாள் இருக்கே..."

டாக்டருக்கும் அந்த நாள் ஞாபகம் வந்தது. கூரியர்காரர் மணியடித்ததும், நாற்காலியில் படுத்திருந்த நோயாளியை வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடியவர் அவர்.

இப்படியே போனால் காரைத் தாரை வார்த்துவிடுவோம் என்ற பயத்தில் டாக்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்களேன்," என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

மெயின் ரோட்டு மேட்டில் கார் கட்டாயம் படுத்துவிடும்.

படுத்தது. டாக்டர் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஆனால் தொப்பிக்காரர் கதவைத் திறக்காமலே குதித்து இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தார். ஸ்கூட்டரில் வந்தவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள். ஒரு பஸ் டிரைவர் பயணிகளை அம்போவென்று விட்டுவிட்டுத் தள்ள வந்தார். இறக்கத்தில் தொப்பிக்காரர் தாவி ஏற, கார் உறுமிக்கொண்டு கிளம்பியதும் தெருவே கைதட்டியது. டாக்டரும் தன்னை மறந்து தட்டினார். பிறகுதான், தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது உறைத்தது.

திருப்பத்தில் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குள் தொப்பிக்காரர் வண்டியை விட்டார். டாக்டருக்கு இந்தக் காரை வாங்கிக் கொடுத்த மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"நான் எடுத்துக்கறேன் சார்," என்றார் தொப்பிக்காரர். பேரம்கூடப் பேசவில்லை.

வண்டியிலிருந்து சாவியை உருவி நீட்டிய டாக்டரின் கை, அதை விடமாட்டேன் என்றது. தொப்பிக்காரர் மெல்ல இழுத்து வாங்க வேண்டியிருந்தது. கார் தெருமுனையில் மறைந்ததும் டாக்டர் வெட்கத்தை விட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

மெக்கானிக் அவர் தோளில் கை வைத்தார்.

"விடுங்க சார். நான் இத உங்களுக்கு வாங்கிக் குடுத்த அன்னிக்கு, இப்ப எடுத்துட்டுப் போனாரே, அவரும் இதே எடத்துல நின்னுதான் அழுதாரு."