தண்ணீருக்கு முன்னால் ஓடிய பாசஞ்சர்

கல்வராயன் மலையிலிருந்து வங்காள விரிகுடா வரை சல்லடை போட்டுத் தேடினாலும், தண்ணீரிடம் ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாகப் பேசுகிற ஆள் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் ஷட்டர்.

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணை ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, சக்கரத்தைச் சுற்றி மதகின் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை அவருக்கு; அதுவே பெயராகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. மதகைத் திறக்கும் முன், கீழே ஆற்றில் குளிக்கிறவர்கள் கரையேற வேண்டுமென்று குரல் கொடுப்பது வழக்கம். ஷட்டருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டு வாசலில் ஒரு வாளி அழுக்குத் தண்ணீரைக் கொட்டுவதற்கு முன்பும், “தண்ணி வர்றாங்கோ! ஏறிக்குங்கோ!” என்று ஒரு கத்து கத்துவார். தெருக்கோழிகள்கூடப் பழகிப்போய் ஒதுங்கி வழிவிடும்.

கல்யாணப் பந்தியில் ரசம் வந்தால், “கால் சுத்து தெறங்க… போதும், மூடுங்க, மூடுங்க!” என்பார். பரிமாறுகிறவர் வாளியைப் பார்ப்பார், இவரைப் பார்ப்பார். அதற்குள் ரசம் பக்கத்து இலைக்காரர் வேட்டிக்குப் பாய்ந்திருக்கும்.

இப்படிப்பட்டவரைக் கடைமடை விவசாயி ஒருவர் ஒரே பேச்சில் சாய்த்துவிட்டார். “நீ தொறந்து வுடற தண்ணி கடலுக்கா போவுது? விருத்தாசலம் வர்றதுக்குள்ள செத்துப் பூடும்யா” என்று ஆபீஸ் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். ஷட்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்தார்.

“சார், சொந்தக்காரங்க நம்ம வூட்டுக்கு வந்துட்டுப் போனா, நல்லபடியா போய்ச் சேந்தாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேக்கறோமா இல்லியா? நான் முப்பது வருஷமா அனுப்பிக்கினு இருக்கேன். போய்ச் சேந்தாங்களா, நடுவுல இன்னா ஆனாங்கன்னே தெரியாம ரிட்டேர் ஆவணுமா?”

செல்போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். கோமுகி ஆறு மணிமுக்தாவில் சேர்கிறது. மணிமுக்தா வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. சின்னசேலத்தில் காலையில் பாசஞ்சர் ஏறினால் பரங்கிப்பேட்டையில் இறங்கி, சாயங்கால வண்டியில் திரும்பிவிடலாம். இதைச் சொன்னது என் தப்பு.

அந்த வருஷ மழைக்கு அணை நிரம்பி, உபரி நீரைத் திறந்தார்கள். ஷட்டர் வெற்றிலையைக் குதப்பியபடி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். “மூணா நாள் மத்தியானம் கடலாண்ட இருப்பாங்க. நாம முன்னாடியே போய் நிக்கணும் சார்.” மதகை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக லீவு எழுதினார். துணைக்கு என்னையும் எழுத வைத்தார்.

அதற்கு முன் அவர் ரயில் ஏறியதில்லை, கடலைப் பார்த்ததுமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலம் வரும்போதெல்லாம் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். விருத்தாசலத்தில் எதிர் வண்டி கிராஸிங்குக்காக எங்கள் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், எஞ்சினடியில் நிற்கிறார்.

“டிரைவரண்ணே, இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கீங்க? எங்காளுங்க நிக்காம போய்க்கினு இருக்காங்க!”

“எந்த வண்டியில?”

“வண்டி இல்லீங்க. ஆத்துல.”

டிரைவர் தன் பாட்டிலை எடுத்து நீட்டினார். “கொஞ்சம் குடிங்க. வெயில் ஜாஸ்தி.”

பரங்கிப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்து முகத்துவாரத்துக்குப் போனோம். கடலைப் பார்த்ததும் ஷட்டர் செருப்பைக் கழற்றினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சார்… இத்தினி பேரா?”

அடுத்த நிமிஷம் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆறு கடலுக்குப் போகவில்லை. கடலிலிருந்து நுரையும் குப்பையுமாக, மலையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

“எவன் சார் அந்தப் பக்கம் தொறந்து வுட்டது? இங்க மதகு பாக்கற ஆளு யாரு?”

கரையில் வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “அந்த ஆளு நிலாவுல இருக்காருய்யா. கடல் ஏறுது. வெயில் சாஞ்சா எறங்கும், அப்பதான் ஆத்துத் தண்ணி உள்ள போவும்.”

எங்களுக்குச் சாயங்கால ரயில். அதை விட்டால் நடு ராத்திரிக்கு மேல் பஸ் மாறி மாறித்தான் ஊர் சேர வேண்டும். சொன்னேன்.

“நீங்க போங்க சார். அவங்க அவ்ளோ தூரம் வந்து வாசல்ல நிக்கறாங்க. நான் கெளம்பிப் போனா மரியாதையா?”

அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. மணலில் உட்கார்ந்தோம். அவர் தண்ணீரைப் பார்த்தார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

வெயில் சாய்ந்தது. மேலே போய்க்கொண்டிருந்த நுரை நின்றது, தயங்கியது, திரும்பியது. பச்சையாக இருந்த தண்ணீர் கலங்கி, செம்மண் நிறமானது. அதன் நடுவே வேரோடு பிடுங்கிய மூங்கில் தூர் ஒன்று ஆடி அசைந்து வந்தது.

“நம்ம மலை மூங்கில் சார்!”

இரண்டு கையையும் வாயில் குவித்தார். கடலைப் பார்த்து, “தண்ணி வர்றாங்கோ! ஏறிக்குங்கோ!” என்று கத்தினார். இடுப்பளவில் வலை வீசிக்கொண்டிருந்த நான்கு பேர் என்னமோ ஏதோ என்று அடித்துப்பிடித்துக் கரையேறினார்கள். வலைக்கார அம்மாவும் எழுந்துவிட்டார்.

ஷட்டர் இறங்கிப் போய் இரண்டு கைகளையும் தண்ணீரில் வைத்தார். “வந்துட்டீங்களா?” என்றார். குரல் உடைந்திருந்தது.

ஓடிப்போய் ஸ்டேஷனில் விழுந்தால், நல்லவேளை, எங்கள் வண்டியும் எங்கோ கிராஸிங்கில் நின்றுவிட்டு அப்போதுதான் வந்தது. ஏறி உட்கார்ந்ததும், “போய்ச் சேந்துட்டாங்க சார்” என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

வெள்ளாற்றில் சேலத்துப் பக்கத்து ஆறுகளும் வந்து சேர்கின்றன. அந்த மூங்கில் யார் மலையுடையதோ, அந்தச் செம்மண் எந்த ஊருடையதோ. வரைபடம் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மதகை மட்டும் நான் இன்றுவரை திறக்கவில்லை.

ஷட்டர் பத்திரிகை படிப்பதில்லை. படித்துவிட்ட நீங்களும் தயவுசெய்து மூடியே வையுங்கள். அந்த மனுஷர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.