ஹிஸ்டரியிடம் மாட்டிய நோயாளி

ஹிஸ்டரியிடம் மாட்டாதவர் திருச்சியில் ஒருவர் இருந்தால், நாங்கள் படித்த காலத்தில் அவர் ஊரிலேயே இல்லை என்று அர்த்தம்.

ஹிஸ்டரி என்பது மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டலில் என் அறைத்தோழனின் பட்டப்பெயர். நோயாளியின் கதையைக் கேட்டு எழுதுவதற்கு எங்கள் படிப்பில் 'ஹிஸ்டரி எடுப்பது' என்று பெயர். நாங்கள் வார்டில் எடுத்தோம். இவன் கண்ட இடத்திலெல்லாம் எடுத்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூக்கார அக்காவிடம், "தூக்கம் நல்லா வருதாக்கா? பசிக்குதா?" ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கண்டக்டரிடமும் அதே கேள்விதான்.

"தம்பி, மொதல்ல டிக்கெட்ட வாங்குங்க" என்றார் அவர். நாங்கள் இறங்குகிற இடம் வந்தபோது தன் முதுகுவலியை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்துத்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது.

இரண்டாம் வருடப் பரீட்சையில் நான் ஃபெயில். வீட்டில் சொல்லத் தைரியமில்லை. ஒரு மத்தியானம், படிப்பே வேண்டாமென்று பெட்டியைக் கட்டிவிட்டேன். சொந்த ஊரான திருவெள்ளறைக்குப் போய் அப்பாவோடு வயலில் இறங்கிவிடுவதாகத் திட்டம். வாசலில் ஸ்டெதாஸ்கோப்போடு ஹிஸ்டரி.

"டேய், நாளைக்கு எனக்கு எக்ஸாம். ஒரே ஒரு கேஸ் பிராக்டிஸ் பண்ணிக்கிறேன், படு."

"பஸ் போயிரும்டா."

"அடுத்த பஸ் வரும். படு!"

தொலையட்டும் என்று படுத்தேன்.

"தூக்கம்?"

"மூணு வாரமா இல்ல."

"பசி?"

"இல்ல."

"கடைசியா எப்ப சிரிச்ச?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன். அந்த மகராசன் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட போவோம்" என்று மறுநாள் காலையில் மனநலப் பிரிவுக்கு இழுத்துப் போனான். யாராவது பார்த்துத் தொலைக்கப் போகிறார்களே என்று கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த சிஸ்டர் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, உங்க டேட் அடுத்த வாரம்தானே?"

"இன்னிக்கு இவனுக்கு சிஸ்டர்."

"நீயுமாடா?" என்றேன்.

"ஒரு வருஷமா. இப்ப நல்லா தூங்கறேன், நல்லா பசிக்குது. மூணு வாரமா உன் தோசையையும் சேத்து நான்தானே திங்கறேன்!"

அப்பாடா! கர்ச்சீப்பை மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன்.

"ஆமா, இன்னிக்கு உனக்கு எக்ஸாம்னு சொன்னியே?"

"அது போன வாரமே முடிஞ்சிருச்சு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவன் வாட்சைப் பார்த்தான். "கடைசியா சிரிச்சது, பத்தே கால். டாக்டர் கேட்டா சொல்லு."

சில மாதங்கள் சிகிச்சை எடுத்தேன். அப்பாவிடமும் சொன்னேன்; பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. மறுபடி எழுதிப் பாஸானேன், இன்று நானும் டாக்டர். ஹிஸ்டரிக்கு ஸ்ரீரங்கத்தில் கிளினிக். ஞாயிற்றுக்கிழமையானால் அவன் போன் வந்துவிடும். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன்.

"நீ நல்லா தூங்கினியாடா?"