தார்ப்பாயும் மச்சான் யோசனையும்

முதல் சொட்டு நூலகரின் மூக்குக் கண்ணாடி மேல் விழுந்தது. இரண்டாவது பிடரியில் இறங்கி, சட்டைக்குள் வழி தேடிக்கொண்டு போனது.

"விழுந்துச்சா?" என்றாள் மனைவி. அவள் கொல்லையில் நின்று, அவர் அடியில் உட்கார்ந்திருந்த தார்ப்பாய் மேல் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தாள்.

"வேர்க்குது."

"வேர்வை ஜில்லுன்னா இருக்கு?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தார்ப்பாய் அவர் கையால் தைத்தது. குடைத்துணியை இரண்டு பட்டையாக வாங்கி, நடுவில் ஒட்டுப் போட்டு, மனைவியின் தையல் மிஷினில் ஊசிகளை உடைத்து ஒருவழியாக முடித்திருந்தார். விடுமுறைக்கு ஏரிக்கரையில் அதைக் கட்டித் தங்குவதாகத் திட்டம். மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஒரு சொட்டு ஒழுகினாலும், வழக்கம்போல அவளுடைய அண்ணன் வீடுதான்.

அண்ணன் வீடு என்றாலே நூலகருக்கு ஆகாது. மச்சான் இரும்புக்கடை வைத்திருந்தார். பொழுது விடியுமுன் ஆளை உலுக்கி எழுப்பி நடக்க இழுத்துப் போவார். சாப்பிட்ட கை காயுமுன் சதுரங்கப் பலகையோடு வந்து உட்காருவார். நூலகர் தம் பங்குக்கு ஒத்தாசையாகத்தான் இருந்தார். போன வருஷம் கடையிலிருந்த ஆணி, கீல், திருகு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கொட்டி அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தார். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்," என்று மனைவி குழாயை மூடினாள். "அண்ணனைக் கேளுங்க. அவருக்கு இதெல்லாம் அத்துப்படி."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் மச்சானே போனில் வந்தார்.

"மாப்பிள்ளை, ஒழுகுதாமே. ஒட்டோட வாய் எந்தப் பக்கம் பார்க்குது? கூரை ஓடு மாதிரி மேல் துணி கீழ்த்துணி மேல படியணும். வாய் கீழதான் பார்க்கணும்."

நூலகர் போனை வைத்துவிட்டு யோசித்தார். சதுரங்கத்திலும் இதே கரிசனக் குரல்தான். 'குதிரையை நகர்த்தாதீங்க மாப்பிள்ளை, ராணி போயிடும்' என்பார். நகர்த்தாமல் இருந்தால் ராஜாவே போய்விடும். மச்சானுக்கு விடுமுறையில் தோற்கடிக்க ஓர் ஆள் வேண்டும். தார்ப்பாய் ஒழுகினால்தான் ஆள் வந்து சேரும். ஆகவே, மச்சான் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிப் போட்டுச் செய்ய வேண்டும்.

ஒட்டின் வாய் கீழே பார்த்துத்தான் இருந்தது. அவர் கயிறுகளை அவிழ்த்து, அது மேலே பார்க்கும்படி சுற்றிக் கட்டினார். முன்பு சொட்டியது, இப்போது தையல் நீளத்துக்கும் வரிசை கட்டி ஊற்றியது.

"ஊசி ஓட்டைதான் மாப்பிள்ளை," என்றார் மச்சான் மறுநாள். "சிலிகான் பசை வாங்கி, டர்பன்டைன்ல நீர்க்கக் கரைச்சு, பிரஷ்ஷால மெல்லிசா இழுங்க. ஓட்டைக்குள்ள இறங்கணும், அவ்வளவுதான்."

"கெட்டியா அப்பினா?"

"வேண்டவே வேண்டாம். சொன்னாக் கேளுங்க, உள்ள காயவே காயாது."

அந்தப் பதற்றத்தை நூலகர் கவனித்துக்கொண்டார். வாங்கிய பசையை அப்படியே பிதுக்கி, சுவர் விரிசலை அடைப்பதுபோல் தையல் முழுக்கக் கரண்டியால் அப்பினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, யாருக்குப் பிறந்தநாள்?"

"உள்ளே போ. தொழில்நுட்பம்."

"அது என் கரண்டி."

மூன்றாவது முறை மச்சான் பேசியபோது குரலில் கெஞ்சல் இருந்தது. "தடவிட்டீங்களா? ஒரு முழு நாள் விரிச்சே போட்டிருங்க. நல்லாக் காஞ்சதும் முகப்பவுடரைத் தூவிட்டு மடிங்க. ஈரத்தோட மட்டும் மடிச்சுடாதீங்க மாப்பிள்ளை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஒரு முழு நாள் வெளியே கிடந்தால் தூசி படியும், காக்கை எச்சமிடும். மச்சான் போடும் கணக்கு நூலகருக்குப் புரிந்தது. உடனே தார்ப்பாயை மூலைக்கு மூலை பிசகாமல் மடித்து, பரண்மேல் வைத்தார். பசை நன்றாகப் பிடிக்க வேண்டுமே என்று கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளை ஒவ்வொன்றாக அதன் மேல் ஏற்றினார்.

சனிக்கிழமை இறக்கியபோது அது தார்ப்பாயாக இல்லை, பலகையாக இருந்தது. கடைசித் தொகுதியின் அட்டையும் அதோடு சேர்ந்து வந்தது.

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள்.

"இழுங்க."

"இழுக்கறேன்."

"நீங்க இழுக்கல, தொங்கறீங்க."

நூலகர் காலை ஊன்றி இழுத்தார். நீளமாக ஒரு சத்தம் கேட்டது. தையல் விடவில்லை. அதற்குப் பக்கத்தில் துணிதான் ஓரத்திலிருந்து ஓரம் வரை கிழிந்தது. கிழிசலின் மறுபுறம் மனைவியின் முகம் முழுசாகத் தெரிந்தது.

"இதுக்குத் தண்ணி ஊத்திப் பார்க்கணுமா?" என்றாள்.

"வேண்டாம்."

அவள் அங்கேயே நின்று போன் செய்தாள். "அண்ணா, தார்ப்பாய் போச்சு. நாளைக்கு நாங்க வர்றோம்."

'நாளைக்கேவா?' என்று மறுமுனையில் மச்சான் இரண்டு தடவை கேட்டது நூலகர் காதிலும் விழுந்தது. மச்சான் வெற்றியை ரசித்து ருசிக்கிறார் என்று நூலகர் நினைத்துக்கொண்டார். அன்று மாலை முழுவதும் குதிரையை எப்படி நகர்த்துவது என்று யோசித்தார்.

மறுநாள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போய் இறங்கினால், மச்சான் வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி கதவைத் தட்டினாள். நூலகர் ஜன்னல் வழியே பார்த்தார். சத்தம் கேட்டு, பாதி முகத்தில் சவர நுரையோடு எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்தார். நூலகரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தார்ப்பாய் சார் நீங்கதானா?"

"ஆமாம். மச்சான் எங்கே?"

எதிர் வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். "அவரும் அவர் வீட்டம்மாவும் காலையிலேயே ஏரிக்கரைக்குப் போயாச்சு சார். அவரும் மாடியில ஒரு தார்ப்பாய் தைச்சுக் கட்டி, எது எது ஒழுகாம நின்னுச்சோ அதை மட்டும்தான் உங்களுக்குச் சொன்னாரு. 'ஒண்ணு அவங்க ஏரிக்கரைக்குப் போகணும், இல்லாட்டி நாங்க போகணும்'னு சொல்லிச் சொல்லியே தைச்சாரு மனுஷன்."