காதுகுத்தன்று வந்த வாரண்ட்

இருபத்தொன்பது வயது வரைக்கும், ஜாமீன் கிடைத்துவிட்டால் கேஸ் முடிந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். (பி.காம். படித்தவன். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க் வேறு.)

பெரிய கேஸ் எல்லாம் இல்லை. கூடலூரில் என் மனைவி செல்வியின் தோப்பும் அவளுடைய அண்ணன் பாண்டியின் தோப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முறை என்று எனக்கும் மச்சானுக்கும் வாக்குவாதம். என் கையில் செல்வி கொடுத்துவிட்ட தூக்குவாளி இருந்தது. வீசினேன். அவர் நெற்றியில் இரண்டு தையல், சட்டை முழுக்கக் கறிக்குழம்பு. எது ரத்தம், எது குழம்பு என்று ஆஸ்பத்திரியிலேயே குழம்பிவிட்டார்களாம். தையல் போட்ட கையோடு மச்சான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

உத்தமபாளையம் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. "ஒவ்வொரு வாய்தாவுக்கும் கரெக்டா வந்திரணும்" என்றார் வக்கீல். தலையாட்டினேன். (தலையாட்டுவதில் நான் எப்போதும் குறை வைத்ததில்லை.)

இரண்டு மாதத்தில் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலைப் பார்த்ததும் தாய்மாமனின் கோபம் கரைந்துபோனது. "விடுங்க மாப்ளே, நமக்குள்ள என்ன கேசு" என்றார். நமக்குள் கேஸ் இல்லை என்றால் கேஸே இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வாய்தா அன்று இரண்டு குடும்பமும் ஒரே ஜீப்பில் சுருளி அருவிக்குப் போய்க் குளித்தோம். வக்கீலின் ஒன்பது மிஸ்டு கால்களைச் சாயங்காலம்தான் பார்த்தேன். கேஸ் முடிந்ததற்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, மகளுக்குக் காதுகுத்து. சமுதாயக்கூடத்தில் மச்சான் மடியில் மொட்டைத்தலையோடு குழந்தை. ஆசாரி ஊசியை எடுக்கும்போது வாசலில் ஒரு ஏட்டு என் பெயரைச் சொல்லி விசாரித்தார். யாரோ அழைத்த விருந்தாளி என்று நினைத்து, "பந்தி அங்கன நடக்குது, சாப்பிடுங்க" என்றேன்.

"சாப்பாடு இருக்கட்டும். உங்க மேல பிடிவாரண்ட் இருக்கு."

மச்சான் குழந்தையோடு எழுந்துவிட்டார். "புகார் குடுத்ததே நான்தான்யா! நாங்க ராசியாயிட்டோம்."

"நீங்க குடுத்தது புகார்ண்ணே. இது கோர்ட்டு குடுத்த வாரண்ட். ஜாமீன்ல போனவரு வாய்தாவுக்கு வரல."

"அதான் ராசியாயாச்சே!"

"அதக் கோர்ட்டுல சொன்னீகளா?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தார்.

ஏட்டு நல்ல மனிதர். இரண்டு காதும் குத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். அன்றைக்குக் குழந்தையைவிட நான்தான் அதிகமாக அழுதேன் என்பார்கள்.

"அன்னிக்கு ஏன் வரலை?" என்று அன்றைக்கே கோர்ட்டில் கேட்டார் மாஜிஸ்திரேட் அம்மா.

"சுருளிக்குப் போயிருந்தேங்கம்மா."

"யாரோட?"

"புகார்தாரரோடங்கம்மா."

எழுதிக்கொண்டிருந்த அவருடைய பேனா நின்றது.

வக்கீல் என் காதில் கிசுகிசுத்ததில் பாதிதான் விளங்கியது. அடிதடி கேஸ் சமாதானத்தில் போய்விடலாம். ஆனால் ஜாமீனில் வந்துவிட்டு ஆஜராகாததற்குத் தனியாகவே கேஸ் போடலாம், ஜாமீன் பத்திரத் தொகையும் போகும். அதாவது, அடித்ததற்கு மன்னிப்பு உண்டு, குளித்ததற்குக் கிடையாது.

புதிதாக ஒரு ஜாமீன்தாரர் வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் ஜெயில். முன்பு கையெழுத்துப் போட்டிருந்த சக கிளார்க், என்னால் தனக்கும் நோட்டீஸ் வந்த கோபத்தில் போனையே எடுக்கவில்லை. கடைசியில் மச்சான்தான் பைக்கில் கூடலூர் போய், நிலத்துச் சிட்டாவை எடுத்துக்கொண்டு, நாலரை மணிக்கு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"உங்களை அடிச்சவருக்கு நீங்களே ஜாமீனா?"

"ஆமாங்கம்மா. ஓடிப்போனாலும் எங்க வீட்டுக்குத்தான் வருவாரு. வேற போக்கிடம் கிடையாது."

கோர்ட்டே சிரித்தது. வாரண்ட் ரத்தானது. அபராதம் கட்டினேன். ஒரு மாதம் திங்கட்கிழமைதோறும் போய்க் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாய்தாவுக்கு இருவரும் ஒரே பைக்கில் (கோர்ட் கதவு திறக்கும் முன்பே) போய், ராசியானதை மாஜிஸ்திரேட்டிடமே சொன்னோம். கேஸ் நிஜமாகவே முடிந்தது.

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. நான் தேனிக்குப் பஸ் ஏறுவதென்றாலும் செல்வி போன் போடுகிறாள்: "அண்ணே, இவுக வெளியூர் போறாக." மச்சான் உடனே, "சொல்லாமப் போகாதீக மாப்ளே, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்பார். வீடே சிரிக்கும். கேஸ் முடிந்த பிறகும் அந்தக் கையெழுத்து செல்லுமா என்று வக்கீலிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று, எத்தனை மணி பஸ்ஸில் திரும்புவேன் என்பதையும் மச்சானிடம் சொல்லிவிட்டே கிளம்புகிறேன்.